முதற் கோணலும் முழுப் பருவமும்

‘முதற் கோணல் முற்றும் கோணல்’ என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சுவர் எழுப்பும் கொத்தனும், பாய் இழைக்கும் பெண்ணும் இதன் உண்மையை நன்கு அறிவர். அடிவரிசைக் கல் சாய்ந்தால் மேல்வரிசைகளும் சாயும். முதல் ஓலை பிசகினால் பாய் முழுவதும் பிசகிவிடும். ஆயின், பதினொருவர் கூடி ஆடும் ஓர் ஆட்டத்துக்கும் இப்பழமொழி பொருந்துமா? பொருந்தும் என்றே ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்து நாட்டின் உதைபந்தாட்ட இரசிகர் பல்லாயிரவர் நம்பிவிடுகின்றனர். தங்கள் கழகம் பருவத்தின் தொடக்க ஆட்டத்தில் தோற்றுவிட்டால், வரவிருக்கும் ஒன்பது மாதங்களும் பாழ் என்று அவர்கள் அன்று மாலையே தீர்ப்புக் கூறிவிடுவர். அத்தீர்ப்பு எவ்வாறு பிறக்கின்றது, அதில் நியாயம் எவ்வளவு, அவசரம் எவ்வளவு என்பன ஆராயத்தக்கவை.

இங்கிலாந்திலே உதைபந்தாட்டக் கழகங்களின் கூட்டமைப்பாகிய லீக் 1888ஆம் ஆண்டில் பன்னிரண்டு கழகங்களோடு தொடங்கியது. இன்று அந்நாட்டின் முதற்பிரிவாக விளங்கும் பிரிமியர் லீக்கில் இருபது கழகங்கள் உள்ளன. ஒவ்வொரு கழகமும் ஏனைய பத்தொன்பது கழகங்களையும் இருமுறை சந்திக்கும்; ஒருமுறை தன் சொந்த மைதானத்தில், மறுமுறை எதிரணியின் மைதானத்தில். ஆக மொத்தம் 38 ஆட்டங்கள். வென்றால் மூன்று புள்ளி, சமநிலையில் முடிந்தால் ஒரு புள்ளி, தோற்றால் ஒன்றுமில்லை. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்றிருந்த பழைய முறை 1981இல் மாற்றப்பட்டு மூன்றாயிற்று. எல்லா ஆட்டங்களிலும் வெல்லும் கழகமொன்று தோன்றுமாயின் அது பெறக்கூடியது 114 புள்ளி. ஓகஸ்டில் தொடங்கும் இந்நெடும் ஓட்டம் மே மாதத்திலேதான் முடிவுறும். மழையும் பனியும் கடுங்குளிரும் இடையே வந்து போகும்.

முப்பத்தெட்டில் ஒன்றாகிய முதலாட்டம் தோல்வியுற்றால், இழப்பது மூன்று புள்ளி மாத்திரமே. கணக்கு இவ்வளவு எளிதாயிருக்க, வருத்தம் மட்டும் மலையளவு பெருகுவது ஏன்? இரசிகன் இழப்பது புள்ளியை மாத்திரமன்று என்பதே விடை. மே மாதத்தில் ஆட்டங்கள் முடிந்து ஓகஸ்ட் வரும் வரை உள்ள கோடைக்காலம் அவனுக்கு எதிர்பார்ப்பின் காலம். எந்த ஆட்டக்காரன் புதிதாக வருகிறான், எவன் வெளியேறுகிறான், எந்த இடத்தில் எவன் ஆடுவான் என்று பத்திரிகைகளைப் புரட்டியும் நண்பரோடு வாதிட்டும் அவன் அக்காலத்தைக் கழிப்பான். முதலாட்டத்துக்கு முந்திய இரவில் இருபது கழகங்களும் சமம். எல்லாவற்றுக்கும் புள்ளி பூச்சியமே. அன்று வறிய கழகத்தின் இரசிகனும் செல்வக் கழகத்தின் இரசிகனும் ஒரே கனவைக் காண உரிமையுடையவர்கள். மறுநாள் தொண்ணூறு நிமிடத்தில் அக்கனவு கலைந்துவிடுகிறது. பருவத்தின் நடுவே வரும் தோல்வியைத் தாங்குவதற்கு முன்பு பெற்ற வெற்றிகளின் நினைவு உதவும். தொடக்கத் தோல்விக்கோ அத்தகைய ஊன்றுகோல் இல்லை. அட்டவணையில் அந்த ஒரு தோல்வியே தனித்து நிற்கும்.

இவ்வுண்மைக்கு எடுத்துக்காட்டாக, இன்றளவும் இங்கிலாந்தில் பேசப்படுகின்ற ஒரு தோல்வியைக் காணலாம். 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆந் திகதி சனிக்கிழமை, பேர்மிங்ஹாம் நகரிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட் கழகம் அஸ்டன் வில்லா கழகத்தைச் சந்தித்தது. பருவத்தின் முதலாட்டம் அது. யுனைட்டெட் இரசிகர்கள் அன்று மைதானத்துக்கு வந்தபோதே உள்ளத்தில் ஒரு கலக்கத்தோடு வந்தனர். அதற்குக் காரணமும் இருந்தது. முந்திய பருவத்தில் அவர்கள் கழகம் 88 புள்ளி பெற்றும், 89 புள்ளி பெற்ற பிளக்பேர்ன் கழகத்திடம் ஒரே ஒரு புள்ளியால் வாகைப் பட்டத்தை இழந்திருந்தது. அதற்கடுத்த கிழமை எஃப். ஏ. கிண்ண இறுதியாட்டத்திலும் எவர்ட்டன் கழகத்திடம் ஒரு கோலால் தோற்றது. பின்னர் வந்த கோடையிலே முகாமையாளர் அலெக்ஸ் பேர்குசன், போல் இன்ஸ், மார்க் ஹியூஸ், அந்திரே கன்செல்ஸ்கிஸ் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் மூவர் கழகத்தை விட்டுச் செல்ல இடங்கொடுத்தார். அவர்களுக்கு ஈடாகப் பெரும் பெயர் எதுவும் வரவில்லை. இரசிகர்களின் தலைவனெனத் திகழ்ந்த எரிக் கன்டோனாவோ, அவ்வாண்டு ஜனவரியில் தன்னை இழித்துரைத்த பார்வையாளன் ஒருவனை உதைத்த குற்றத்துக்காகச் செப்டெம்பர் முடியும் வரை ஆடத் தடைபெற்றிருந்தான்.

சென்றவர்களின் இடத்தை நிரப்ப வந்தவர்கள் கழகத்தின் இளைஞர் அணியில் வளர்ந்த பிள்ளைகள். கரி நெவில், நிக்கி பட், போல் ஸ்கோல்ஸ், டேவிட் பெக்கம் ஆகிய நால்வருக்கும் வயது இருபது. கரியின் தம்பி பில் நெவிலுக்குப் பதினெட்டு. அன்றைய ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்னரே வில்லா அணி மூன்று கோல்களைப் போட்டுவிட்டது. இயன் டெய்லரும் மார்க் டிரேப்பரும் ஆளுக்கொன்று போட, மூன்றாவதைத் தண்ட உதையின் மூலம் டுவைட் யோர்க் போட்டான். மாற்று ஆட்டக்காரனாக இறங்கிய பெக்கம் ஆட்டம் முடியுந் தறுவாயில் தொலைவிலிருந்து உதைத்துப் போட்ட கோல் ஒன்றே யுனைட்டெட் அணிக்குக் கிடைத்த ஆறுதல். முடிவு 3–1.

இத்தகைய மாலையில் இரசிகனுக்கு முதலில் வருவது மௌனம். மைதானத்தில் இருந்தவர்கள் ஆட்டம் முடியுமுன்னரே எழுந்து படிகளில் இறங்குவர். புகையிரத நிலையத்தை நோக்கி நடக்கும் கூட்டத்தில், காலையில் பாடி வந்தவர்கள் அப்போது பேசவும் மாட்டார்கள். மைதானத்துக்குச் செல்ல இயலாதவர்க்கு அந்நாட்களில் வானொலியே துணை. பி.பி.சி. நிறுவனம் 1948ஆம் ஆண்டு ஜனவரி 3ஆந் திகதி தொடங்கிய விளையாட்டுச் செய்தி நிகழ்ச்சியில், சனிக்கிழமை மாலை ஐந்து மணியளவில் நாடெங்கும் நடந்த ஆட்டங்களின் முடிவுகள் வரிசையாக வாசிக்கப்படும். 1974 தொடக்கம் 2013 வரை அவற்றை வாசித்த ஜேம்ஸ் அலெக்சாந்தர் கோர்டன் என்பவர் தம் குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே முடிவை உணர்த்த வல்லவர். முதற் கழகத்தின் பெயரையும் கோலையும் கூறி, இரண்டாங் கழகத்தின் பெயரை அவர் உச்சரிக்கும் தொனியிலேயே அது வென்றதா தோற்றதா என்பது நேயர்க்கு விளங்கிவிடும். எண்ணைக் கேட்பதற்கு முன்னரே தோல்வியை உணர்ந்து வானொலியை நிறுத்திய வீடுகள் பலவாயிருக்கும்.

மௌனத்தை அடுத்து வருவது குற்றச்சாட்டு. அது படிப்படியாக விரியும். முதலிற் குற்றவாளி மத்தியஸ்தர். தண்ட உதை கொடுத்தது அவரன்றோ? அடுத்தவன் பிழைவிட்ட பின்காவலன். அதற்கடுத்து, அவனை ஆட்டத்தில் இறக்கிய முகாமையாளர். ஈற்றில், ஆட்டக்காரரை விற்றுப் பணம் சேர்த்துப் புதியவரை வாங்க மறுத்த கழகத்தின் நெறியாளர்கள். ‘ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பதற்கிணங்க, உயிரற்ற பொருள்களும் தப்புவதில்லை. அன்று யுனைட்டெட் அணியினர் வழக்கமான செஞ்சட்டையை விட்டுச் சாம்பல் நிறச் சட்டை அணிந்து ஆடினர். அப்பருவத்தில் அச்சட்டையோடு ஆடிய ஐந்து ஆட்டங்களில் ஒன்றேனும் வெல்லப்படவில்லை. ஐந்தாவது ஆட்டம் 1996 ஏப்ரிலில் சவுதாம்ப்டன் நகரில் நடந்தது. அதில் மூன்று கோல்களாற் பின்தங்கிய அணியினர் இடைவேளையில் சட்டையையே மாற்றிக்கொண்டனர். அப்படியும் 3–1 என்று தோற்றனர். பார்வையாளர் கூட்டத்தோடு அந்நிறம் கலந்துவிட்டதனால் தோழர்களை இனங்காண முடியவில்லை என்பது கூறப்பட்ட காரணம். இரசிகனைப் பித்தன் என்று நகைப்போர், முகாமையாளரும் அதே காரணத்தைச் சொல்லியதை மறத்தல் ஆகாது.

அறிஞரின் தீர்ப்பும் பாமரரின் தீர்ப்பும் அன்று ஒன்றாகவே இருந்தன. அன்றிரவு பி.பி.சி. தொலைக்காட்சியில் ஆட்டத்தை ஆராய்ந்த அலன் ஹான்சன், லிவர்ப்பூல் கழகத்தின் பின்காவலராக விளங்கிப் பல பட்டங்களை வென்றவர். ஆட்ட நுணுக்கம் அறிந்தவர். சிறுவர்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்னும் கருத்தை அவர் ஐயமின்றிக் கூறினார். வானொலியிலோ 1991 தொடக்கம் இரசிகர்கள் தொலைபேசி மூலம் தம் மனக்குறையைக் கூறுவதற்கென்றே ஒரு நிகழ்ச்சி நடைபெற்று வந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணி ஆறு நிமிடத்தைக் குறிக்கும் எண்ணே அதற்குப் பெயர். தோற்ற கழகத்தின் இரசிகர்களே இத்தகைய நிகழ்ச்சிகளை முற்றுகையிடுவது வழக்கம். வென்றவன் கொண்டாடச் செல்வான். தோற்றவனுக்கே பேச ஆள் வேண்டும்.

இவ்வளவு துயரத்துக்கும் சினத்துக்கும் அடிப்படை யாது? களத்தில் ஓடியவன் வேறொருவன். ஊதியம் பெற்றவனும் அவனே. மேடையில் அமர்ந்திருந்தவனுக்கு இதில் என்ன பங்கு? இவ்வினாவுக்கு விடை காண, கழகங்கள் தோன்றிய வரலாற்றை நோக்குதல் வேண்டும். மான்செஸ்டர் யுனைட்டெட் கழகம் 1878இல் நியூட்டன் ஹீத் என்னும் இடத்துப் புகையிரதத் தொழிலாளர் அமைத்த அணியிலிருந்து வளர்ந்தது. அஸ்டன் வில்லா 1874இல் ஒரு வெஸ்லியன் ஆலயத்தைச் சார்ந்த இளைஞர்களால் தொடங்கப்பட்டது. ஆர்சனல் கழகத்தை 1886இல் தோற்றுவித்தோர் வூலிச் பகுதியின் ஆயுதத் தொழிற்சாலைப் பணியாளர். தொழிற்சாலையும் ஆலயமும் தெருவும் ஈன்ற பிள்ளைகள் இக்கழகங்கள். கிழமை முழுவதும் இயந்திரத்தின் முன் நின்றவர்க்குச் சனிக்கிழமைப் பிற்பகல் ஒன்றே தமக்குரியது; அப்பிற்பகலை அவர்கள் தங்கள் கழகத்துக்குக் கொடுத்தனர். தந்தை மகனை அழைத்துச் சென்றான். அம்மகன் தன் மகனை அழைத்துச் சென்றான். பின்னாளில் கழகங்கள் பெருஞ் செல்வர்களின் உடைமையான போதும் அவ்வுறவு அறவில்லை. சட்டப்படி கழகம் எவருடையதாயினும், உள்ளத்தால் அது ஊராருடையதே.

இவ்வுணர்வை உளநூலாரும் ஆராய்ந்துள்ளனர். றொபேட் சியால்டினி என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் அவர்தம் கூட்டாளரும் ஏழு பல்கலைக்கழகங்களிலே நடாத்திய ஆய்வின் முடிவுகள் 1976இல் வெளிவந்தன. அங்கே ஆடப்படுவது கையாலும் பந்தை ஏந்திச் செல்லும் வேறுவகை உதைபந்தாட்டமாயினும் இரசிகனின் நெஞ்சம் ஒன்றே. சனிக்கிழமை ஆட்டத்தில் தங்கள் பல்கலைக்கழகம் வென்றிருந்தால், திங்கட்கிழமை அதன் பெயரோ சின்னமோ பொறித்த உடையை அணிந்து வகுப்புக்கு வரும் மாணவர் தொகை கூடியது, தோற்றிருந்தால் குறைந்தது. தொலைபேசி மூலம் ஆட்டத்தைப் பற்றி வினவியபோது, வெற்றியைக் கூறியவர்கள் ‘நாம் வென்றோம்’ என்னும் பாங்கிற் பேசினர். தோல்வியைக் கூறியவர்களோ ‘அவர்கள் தோற்றார்கள்’ என்னும் பாங்கில் விலகி நின்றனர். அதற்குச் சற்று முன்னர்ச் சிறு வினாப் பரீட்சையொன்றில் சரிவரச் செய்யவில்லை என்று சொல்லப்பட்டவரிடம் இவ்வேறுபாடு மேலும் மிகுந்து காணப்பட்டது. தன் மதிப்புக் குறைந்துவிட்டதோ என்று ஐயுறுபவன் பிறர் வெற்றியின் நிழலில் ஒதுங்க விழைகிறான். பிறர் தோல்வியிலிருந்து விலகியோட விழைகிறான்.

எனினும் எல்லோரும் விலகியோடுவதில்லை. தன்மைப் பன்மைக்குத் தமிழில் இரு சொற்கள் உண்டு. கேட்பவனையும் உளப்படுத்துவது ‘நாம்’, அவனை நீக்கி நிற்பது ‘நாங்கள்’. எதிர்க்கழகத்தானிடம் ‘நாங்கள் வென்றோம்’ என்று மார்தட்டுவது எளிது. தோற்ற நாளிலே தன்னைப் போன்ற மற்றொருவனிடம் ‘நாம் தோற்றோம்’ என்று சொல்லி அருகே அமர்வதற்கு உறுதி வேண்டும். கழகத்தோடு ஆழப் பிணைந்த இரசிகர்கள் தோல்வியின் பின்னும் அப்பிணைப்பை அறுப்பதில்லை என்று பிற்கால ஆய்வாளரும் கண்டுள்ளனர். இத்தகையோர் வெளியேறும் வாயில் அற்றவர்கள். ஆகவே அவர்கள் துயரம் சினமாக மாறி உள்ளேயே ஒலிக்கிறது. தோற்ற அணியைப் பார்த்துக் கூக்குரலிடுபவனைக் காண்போர், அவனுக்குக் கழகத்தின் மீது அன்பில்லை என்று எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. அன்பில்லாதவன் வீட்டுக்குப் போய் உறங்கிவிட்டான்.

இனி, தீர்ப்பின் நியாயத்தை நோக்குவோர், ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் மற்றொரு பழமொழியையும் கருதுதல் தகும். இரசிகன் முதலாட்டத்தை அந்த ஒரு சோறாகவே கொள்கிறான். ஆனால் பதம் பார்க்கும் தாய், உலை கொதித்து அரிசி வெந்துவரும் வேளையில் அன்றோ அந்தச் சோற்றை எடுத்து நசுக்கிப் பார்க்கிறாள்? அரிசியைக் களைந்து இட்ட மறுகணமே எடுத்துப் பார்த்து, இது வேகாத அரிசி என்று பானையைக் கவிழ்ப்பவள் எவளும் இலள். பருவத்தின் முதலாட்டம் பெரும்பாலும் கொதிக்காத உலையின் சோறே.

வில்லா பார்க் ஆட்டத்தையே மீண்டும் நோக்குக. சிறுவர் அணி என்று இகழப்பட்ட அந்தப் பதினொருவரில் தொடக்கத்தில் இறங்கிய இளைஞர் நால்வரே. ஏனைய எழுவரும் அனுபவம் முதிர்ந்தோர். மறுபுறம், கன்டோனா மட்டுமன்றி, றயன் கிக்ஸ், ஸ்டீவ் புரூஸ், அன்டி கோல் ஆகியோரும் அன்று அணியில் இல்லை. அஃதாவது, அப்பருவம் முழுவதும் ஆடவிருந்த அணி அன்று ஆடவேயில்லை. காயமுற்றோர் தேறாமையும், தடைபெற்றோர் திரும்பாமையும், புதியவர்கள் ஒருவர் கால் ஒருவர்க்குப் பழகாமையும் ஓகஸ்ட் மாதத்துக்கு இயல்பானவை.

வேறொன்றும் கவனித்தற்குரியது. அஸ்டன் வில்லா முந்திய பருவத்தில் பதினெட்டாம் இடத்தில் முடிந்து, கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் அரிதின் தப்பிய கழகம். அத்தகைய கழகத்திடம் தோற்றோமே என்பதே யுனைட்டெட் இரசிகரை மிகவும் வாட்டியது. ஆனால் அந்த வில்லா கழகமே அப்பருவ முடிவில் நான்காம் இடத்தைப் பெற்றது. 1996 மார்ச்சில் லீட்ஸ் கழகத்தை மூன்று கோல்களால் வென்று லீக் கிண்ணத்தையும் கைப்பற்றியது. நலிந்த அணியிடம் தோற்றதாக எண்ணியவர்கள் உண்மையில் நல்ல அணியொன்றிடமே தோற்றிருந்தனர். அது நல்ல அணி என்பது ஓகஸ்ட் மாதத்தில் எவருக்கும் தெரியாது. முதலாட்டத்தின் பொருள் முப்பத்தெட்டாம் ஆட்டத்தின் பின்னரே விளங்கும்.

யுனைட்டெட் அணியின் கதையும் அவ்வாறே முடிந்தது. வில்லா பார்க் தோல்வியை அடுத்து நடந்த லீக் ஆட்டங்கள் ஐந்திலும் அது வென்றது. ஒக்டோபர் முதலாந் திகதி கன்டோனா திரும்பி வந்து, லிவர்ப்பூல் கழகத்துக்கெதிராகத் தண்ட உதையில் ஒரு கோலும் போட்டான். ஜனவரியில் நியூகாசில் கழகம் 12 புள்ளி முன்னே நின்றது. மார்ச் 4ஆந் திகதி அதன் சொந்த மைதானத்திலேயே அதனை 1–0 என்று யுனைட்டெட் வென்றது; கோலைப் போட்டவன் கன்டோனா. மே மாதத்தில் பருவம் முடிந்தபோது யுனைட்டெட் 82 புள்ளி, நியூகாசில் 78. அதே மாதம் 11ஆந் திகதி எஃப். ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்ப்பூலையும் வென்று, ஒரே பருவத்தில் இரு பட்டங்களையும் அக்கழகம் சூடிக்கொண்டது. ஹான்சன் தம் கூற்றுப் பொய்த்ததைப் பின்னாளில் நகைச்சுவையோடு ஏற்றுக்கொண்டார்.

இதனால் இரசிகனின் கவலை முழுவதும் பேதைமை என்று முடிவு கட்டுதல் தகாது. ஓகஸ்டில் இழந்த புள்ளியை மே மாதத்தில் எவரும் திருப்பித் தருவதில்லை. 2021ஆம் ஆண்டில் ஆர்சனல் கழகம் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது; ஒரு கோலும் போடாமல் ஒன்பது கோல்களை விட்டு, அட்டவணையின் அடியில் கிடந்தது. பின்பு அரும்பாடுபட்டு 69 புள்ளியோடு ஐந்தாம் இடத்தை அடைந்தது. ஐரோப்பாவின் முதன்மைப் போட்டியில் ஆடும் உரிமையைத் தரும் நான்காம் இடமோ 71 புள்ளி பெற்ற டொட்டென்ஹாம் கழகத்துக்குச் சென்றது. இரண்டே புள்ளி வேறுபாடு! தொடக்கத்தில் இழந்த ஒன்பதில் மூன்று கிடைத்திருந்தாலும் போதுமாயிருந்தது.

கோல்களும் அவ்வாறே கணக்கில் நிற்கும். 2011ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி மான்செஸ்டர் யுனைட்டெட் தன் மைதானத்திலேயே அண்டைக் கழகமாகிய மான்செஸ்டர் சிற்றியிடம் 1–6 என்று தோற்றது. அவற்றுள் கடைசி மூன்று கோல்கள் ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் விழுந்தவை. தோற்றது தோற்றதுதானே, மூன்றென்ன ஆறென்ன என்று அன்று ஆறுதல் கூறினோர் இருந்திருக்கலாம். மறு ஆண்டு மே மாதத்தில் இரு கழகங்களும் 89 புள்ளியோடு சமமாக நின்றன. கோல் வித்தியாசம் எட்டினால் பட்டம் சிற்றிக்குச் சென்றது. அந்த ஓர் ஆட்டம் மட்டும் சமநிலையில் முடிந்திருந்தால் பட்டமே இடம் மாறியிருக்கும். ஆகவே தோல்வியைப் பொருட்படுத்துபவன் தவறு செய்யவில்லை. அதைப் பருவத்தின் முடிவாகக் கொள்பவனே தவறு செய்கிறான்.

அத்தவற்றின் விளைவு மனவருத்தத்தோடு நிற்பதில்லை. கூட்டத்தின் கூச்சல் நெறியாளர்களின் அறைக்குள்ளும் எட்டும். 1974இல், அப்போது வாகைப் பட்டம் தாங்கியிருந்த லீட்ஸ் கழகம் பிரயன் கிளவ் என்பவரை முகாமையாளராக நியமித்தது. முதல் லீக் ஆட்டத்தில் ஸ்டோக் கழகத்திடம் 0–3 என்று தோல்வி. முதல் ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. நாற்பத்து நான்கு நாட்களில் அவர் நீக்கப்பட்டார். முன்னர் அக்கழகத்தைக் கடிந்துரைத்த அவரை ஆட்டக்காரர் ஏற்கவில்லை என்பதும் காரணமே. ஆயினும், அவசரமாகக் கைவிடப்பட்ட அதே மனிதர், நொட்டிங்ஹாம் ஃபொறஸ்ட் கழகத்தை 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வெல்லச் செய்தார். 2017இல் கிறிஸ்டல் பலஸ் கழகமும் முதல் நான்கு லீக் ஆட்டங்களும் கோலின்றித் தோற்றவுடன் முகாமையாளரை மாற்றியது. புதியவரின் கீழும் அடுத்த மூன்று ஆட்டங்கள் அவ்வாறே கோலின்றித் தோற்றன. அவருக்கோ கழகம் பொறுமை காட்டிற்று. ஏழு தோல்வியோடு தொடங்கிய அப்பருவம் பதினோராம் இடத்தில் முடிந்தது.

1995இல் யுனைட்டெட் நெறியாளர்கள் பதறியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பேர்குசன் புகழ்பெற்ற பெயர்களை அவசரமாக விலைக்கு வாங்கும்படி தூண்டப்பட்டிருப்பார். இருபது வயது இளைஞர்கள் மீண்டும் ஓரத்து வாங்கில் அமர்ந்திருப்பர். நாற்பத்தைந்து நிமிட ஆட்டத்தை வைத்து ஐந்து பிள்ளைகளின் வாழ்வு நிர்ணயிக்கப்பட்டிருக்கும். அவ்வைவரும் பின்னர் இங்கிலாந்து நாட்டுக்காக ஆடியோர். 1999இல் லீக், எஃப். ஏ. கிண்ணம், ஐரோப்பியக் கிண்ணம் என்னும் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்ற கழகத்திலும் அவர்கள் இருந்தனர். பொறுமை என்பது வெறும் ஒழுக்க உபதேசமன்று. அது பயன் தருவதொரு முதலீடு.

இரசிகர்களைப் பற்றி இறுதியாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. வில்லா பார்க்கில் தோற்ற நான்காம் நாள், ஓகஸ்ட் 23ஆந் திகதி புதன்கிழமை, யுனைட்டெட் தன் சொந்த மைதானமாகிய ஓல்ட் டிராபோட்டில் வெஸ்ட் ஹாம் கழகத்தைச் சந்தித்தது. அக்காலத்தில் மைதானத்தின் வடக்கு மேடை இடிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்டு வந்தமையால் இடம் குறைவு. இருந்த இடமெல்லாம் நிறைந்திருந்தது. எல்லாம் முடிந்துவிட்டதென்று சனிக்கிழமை தீர்ப்புக் கூறியவர்களுள் எத்தனையோ பேர் புதன்கிழமை வாயிலில் வரிசையாக நின்றிருப்பர் என்பதில் ஐயமில்லை. அன்று யுனைட்டெட் 2–1 என்று வென்றது.

கொத்தனின் சுவருக்கு முதற் கோணல் முற்றும் கோணலே. உதைபந்தாட்டப் பருவமோ சுவரன்று, அது வயல். நாற்றுமேடையிலிருந்து பிடுங்கி நடப்பட்ட பயிர் முதற் சில நாட்கள் வாடி மஞ்சளித்தே நிற்கும். அதைக் கண்டு கமக்காரன் கவலை கொள்வான். நீர் அளவாய் நிற்கிறதா என்று வரம்பில் நின்று பார்ப்பான். மழையையும் மண்ணையும் வாயாரத் திட்டவும் திட்டுவான். ஆனால் வயலை விட்டுப் போகமாட்டான். மறுநாட் காலையும் அவன் அங்கே நிற்பான்.